ஒரு அங்குலம் மேலே... ஒரு அங்குலம் கீழே...



கடற்கரை ஊர்களிலிருந்து டிப்ளமோ படிக்க வந்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வாசகம் நன்றாகப் பழக்கம். லீவுக்கு ஊருக்குப் போய்ப் பையைக் கீழே வைப்பதற்குள் யாராவது ஒரு மாமாவோ சித்தப்பாவோ கேட்டுவிடுவார்: "ஏலே, நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற? நம்ம மோட்டார் ஏன் இப்படி அலறுதுன்னு கொஞ்சம் வந்து பாரு."

நாமும் விடுவோமா? பிளக்கைக் கழற்றித் துடைப்போம். கார்பரேட்டரில் தூசியா என்று பார்ப்போம். ஆயில் எவ்வளவு கலந்தீங்க என்று டாக்டர் மாதிரி விசாரிப்போம். எல்லாம் சரியாகத்தான் இருக்கும். மறுநாள் கடலுக்குப் போனால் மறுபடியும் அதே அலறல். ஆனால் நம்மில் எத்தனை பேர் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு படகின் பின்பக்கம் போய்க் குனிந்து, மோட்டார் எந்த உயரத்தில் தொங்குகிறது என்று அளந்து பார்த்திருக்கிறோம்? அவுட்போர்டு மோட்டாரில் வரும் கோளாறுகளில் கணிசமானவை மோட்டாருக்குள் இல்லை. அது மாட்டப்பட்ட பலகையில்தான் இருக்கின்றன என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். "இவ்வளவுதானா விஷயம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விஷயம் பெரிசு!

முதலில் அந்தத் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மோட்டாரின் தலை மேலே. அங்கிருந்து நீளமான ஒரு கால் தண்ணீருக்குள் இறங்குகிறது. காலின் நுனியில் கியர்பாக்ஸும் ப்ரொப்பல்லரும். ப்ரொப்பல்லருக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கை வாட்டில் ஒரு தட்டு நீட்டிக்கொண்டிருக்கும். நம்ம ஆட்கள் பலர் அதை ஏதோ அழகுக்கு வைத்தது என்றும், மோட்டாரைத் தூக்கக் கைப்பிடி என்றும் நினைக்கிறார்கள். உயரம் வைப்பதற்கு உள்ள ஒரே அடையாளம் அந்தத் தட்டுதான்.

கம்பெனிக் கையேடுகளிலேயே அதற்கு 'ஆன்டி கேவிடேஷன் பிளேட்' என்று பெயர் போட்டிருப்பார்கள். பெயர் தப்பு! கேவிடேஷன் வேறு, வென்டிலேஷன் வேறு. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் இரண்டு மார்க் கேள்விக்கு நாம் மனப்பாடம் செய்த அதே கேவிடேஷன் என்னவென்றால், அழுத்தம் மிகவும் குறைந்த இடத்தில் தண்ணீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து நீராவிக் குமிழியாவது. வென்டிலேஷன் என்பது மேற்பரப்பிலிருந்து காற்று உள்ளே இழுக்கப்படுவது. ப்ரொப்பல்லர் இதழின் ஒரு பக்கம் தண்ணீரைத் தள்ளுகிறது, மறுபக்கம் உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பக்கத்துக்கு அரை அடி மேலேயே வெட்டவெளி. காற்றுக்கு வழி கிடைத்தால் சும்மா இருக்குமா? அந்த வழியை அடைப்பதுதான் தட்டின் வேலை. காற்றின் அடர்த்தி தண்ணீரில் ஏறக்குறைய 800-ல் ஒரு பங்கு. இதழ்களுக்கு நடுவே காற்று புகுந்தால் பிடிமானம் போய்விடும். சுமை இல்லாத இஞ்சின் தலைதெறிக்கச் சுற்றும். மாமா சொல்லும் 'அலறல்' இதுதான்.

கேவிடேஷனுக்கு ஒரு சுவையான சரித்திரம் உண்டு. தெர்மலில் 'பார்சன்ஸ் டர்பைன்' என்று படிக்கிறோமே, அதே சார்லஸ் பார்சன்ஸ் தன் டர்பைனைப் பொருத்தி 1894-ல் 'டர்பீனியா' என்ற கப்பலை வெள்ளோட்டம் விட்டார். டர்பைன் வேகமாகத்தான் சுற்றியது, கப்பல்தான் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. ப்ரொப்பல்லர் தண்ணீரைத் தள்ளாமல் குமிழியைக் கடைந்துகொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்து, சின்னத் தொட்டி ஒன்றைக் கட்டி அதில் சோதித்துப் பார்த்தார். பிறகு ஒரு தண்டுக்குப் பதில் மூன்று தண்டு, தண்டுக்கு மூன்றாக ஒன்பது ப்ரொப்பல்லர்! 1897-ல் விக்டோரியா மகாராணியின் வைர விழாக் கடற்படை அணிவகுப்பில் அந்தக் கப்பல் புகுந்து ஓடியபோது அதைத் துரத்திப் பிடிக்க ஒரு போர்க்கப்பலாலும் முடியவில்லை. இது பார்சன்ஸுக்கு வந்த தொல்லை. நம்ம ஊர் 10 குதிரைசக்தி மோட்டாரில் அலறல் வந்தால் அது பெரும்பாலும் நீராவி இல்லை, வெறும் காற்று. ஆகவே ப்ரொப்பல்லரை மாற்றுவதற்கு முன் உயரத்தைப் பாருங்கள்.

சரி, எவ்வளவு உயரம்? படகைக் கரையில் மேடேற்றி வைத்து, நேரான ஒரு ரீப்பர் கட்டையைப் படகின் அடிப்பாகத்தோடு ஒட்டிப் பிடித்துப் பின்னோக்கி மோட்டார் வரை நீட்டுங்கள். தட்டு அந்தக் கோட்டுக்குச் சரியாக இருக்கலாம். அல்லது அதற்குக் கீழே ஓர் அங்குலம், அதாவது 25 மி.மீ. வரை இறங்கியிருக்கலாம். சிறிய படகுகளுக்குப் பெரும்பாலான கையேடுகள் சொல்லும் கணக்கு இதுதான். ஐந்து நிமிஷ வேலை. இதற்கு டிப்ளமோ கூட வேண்டாம்!

பிறகு ஏன் தப்பாக நடக்கிறது? மோட்டார் வாங்கும்போதே தொடங்குகிறது கோளாறு. கால் நீளம் பெயரளவில் 15 அங்குலம் ஷார்ட், 20 அங்குலம் லாங், 25 அங்குலம் எக்ஸ்ட்ரா லாங். மோட்டார் தொங்கும் பின்பலகையின் மேல்விளிம்பிலிருந்து அடிப்பாகம் வரை அளந்து, அதற்கேற்ற காலை வாங்க வேண்டும். நடப்பது என்ன? மானியம் வருகிறது, கடையில் எது இருப்பில் இருக்கிறதோ அது வருகிறது. 'எஸ்' என்றால் என்ன, 'எல்' என்றால் என்ன என்று வாங்குகிறவரும் கேட்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை. பெயரை மட்டும் நம்பவும் முடியாது. 15 என்று பெயர் போட்ட மோட்டாரில், மாட்டும் கொக்கியிலிருந்து தட்டு வரை அளந்தால் இரண்டு அங்குலம் கூடுதலாக இருப்பதும் உண்டு. டேப்பை நம்புங்கள்.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபிறகு நம் கரையோரத்தில் கட்டுமரங்களின் இடத்தில் ஃபைபர் போட்டுகள் குவிந்தது எல்லோருக்கும் தெரியும். படகு ஒரு கையிலிருந்து வந்தது. மோட்டார் இன்னொரு கையிலிருந்து வந்தது. இரண்டுக்கும் ஜாதகம் பார்க்க ஆளில்லை. பொருத்தம் பார்க்காமல் முடித்த கல்யாணம் அது! நம்ம ஊரில் பல படகுகளில் லாங்டெயில் டீசல் இஞ்சின்தான். அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் நீளத் தண்டைக் கையாலேயே ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். அவுட்போர்டு வைத்திருப்பவர்கள்தான் பலகைக்குக் கட்டுப்பட்டவர்கள்.

மோட்டார் மிக உயரமாக இருந்தால் அலறலோடு போவதில்லை. குளிர்விக்கும் தண்ணீரை உறிஞ்சும் துளைகள் தட்டுக்குக் கீழேதான் இருக்கின்றன. அவை காற்றைக் குடிக்க ஆரம்பித்தால் உள்ளே இருக்கும் ரப்பர் இம்பெல்லர் காய்ந்து கருகும். அப்புறம் சிலிண்டர் சூடு, பிஸ்டன் இறுக்கம். பக்கவாட்டில் ஒரு சின்ன நீர்த்தாரை பீய்ச்சிக்கொண்டே இருக்குமே, அது விட்டு விட்டு வந்தால் உடனே திராட்டிலைக் குறைத்து மோட்டாரை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

மிகத் தாழ்வாக இருந்தால்? தட்டுக்கு மேலே உள்ள காலும் தண்ணீருக்குள் இழுபடும். தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கேற்ப ஏறும் என்பது நாம் படித்ததுதான். தெறிக்கும் உப்புத்தண்ணீர் தலைப்பகுதிக்கு ஏறும். திருப்பும் கைப்பிடி கனக்கும். இஞ்சின் தனக்குரிய சுற்றை எட்டாமல் திணறும். 10 குதிரைசக்தி டூ ஸ்ட்ரோக் மோட்டார் முழுத் திராட்டிலில் மணிக்கு 4 லிட்டருக்கு மேல் குடிக்கும். ஒரு நாளைக்கு 4 மணி நேர ஓட்டம் என்று வைத்தால் 16 லிட்டர். குறுகிய பலகையில் நெடுங்கால் மோட்டாரை மாட்டி அதில் பத்தில் ஒரு பங்கு வீணானால் 1.6 லிட்டர். வருஷத்துக்கு 200 நாள் தொழில் என்றால் 320 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 32,000 ரூபாய்! இது வெறும் வாய்க்கணக்குதான், உங்கள் ஊர்க் கணக்கை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். எப்படிப் போட்டாலும் ஒரு வீட்டுப் பிள்ளையின் ஹாஸ்டல் ஃபீஸ் அதில் இருக்கிறது.

இங்கேதான் எனக்கும் சில நண்பர்களுக்கும் வாக்குவாதம். வெளிநாட்டு ஸ்பீட் போட் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வந்து, "மோட்டாரை ஏத்திக்கிட்டே போ, காத்து இழுக்க ஆரம்பிச்சதும் ஒரு ஓட்டை இறக்கு, அதுதான் பெஸ்ட்" என்கிறார்கள். தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும் பந்தயப் படகுக்கு அது சரி. அங்கே ஒரு மைல் வேகம் கூடினால் கோப்பை கிடைக்கும். வலையும் ஐஸும் ஆளுமாகத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் நம் படகுக்கு அது சரிப்படாது. மெதுவாகப் போகும் படகில் ஓர் அங்குலம் தாழ்வாக இருப்பதால் இழப்பு மிகக் கொஞ்சம். ஓர் அங்குலம் உயரமாக இருப்பதால் வரும் இழப்போ...

அலை உடையும் இடத்தை நினைத்துப் பாருங்கள். ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் கச்சான் காற்று அடிக்கும்போது படகை அலைக்கு நேராக நிறுத்தி, இரண்டு அலைக்கு இடையில் கிடைக்கும் நேரத்தில் தாண்ட வேண்டும். அணியம் மேலே தூக்கி, பிறகு அறைந்து கீழே விழும். அந்த நொடியில் படகின் பின்பக்கம் எழும்பும். உயரமாக மாட்டிய மோட்டார் சரியாக அந்த நொடியில்தான் காற்றை விழுங்கும். மூன்று விநாடி தள்ளுவிசை இல்லை. மூன்று விநாடியில் படகு குறுக்கே திரும்பிவிடும், அடுத்த அலை பக்கவாட்டில் வந்து விழும். படகு கவிழ்வது இப்படித்தான். நமது பெரியவர்கள் "மோட்டாரு கொஞ்சம் முங்கித்தான் கிடக்கணும்" என்று சொல்வது அறியாமையால் அல்ல. பெட்ரோலை விட உயிர் பெரிசு என்பதால். புத்தகம் படித்த நாம் அதைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. அதற்காக 'முங்கித்தான் கிடக்கணும்' என்று அரை அடி முக்கி வைப்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஓர் அங்குலம் பாதுகாப்பு. ஐந்து அங்குலம் வெறும் செலவு. அதோடு கரைக்கு வரும்போது மணலில் இடித்து, இம்பெல்லர் மணலைக் குடித்துத் தேயும்.

படகின் அடியில் கீல் என்று புத்தகம் சொல்லும் ஏரா கடைசிவரை ஓடியிருந்தால் இன்னொரு சிக்கல். கரையில் இழுத்து ஏற்றுவதற்காக நம் படகுகளில் அதைத் தடிமனாக வைப்பார்கள். அதன் பின்னால் வரும் தண்ணீர் கலங்கியே வரும். அந்தக் கலங்கலில் காற்றும் இருக்கும். கரையில் ரீப்பர் கட்டை வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும், ஓடும்போது அலறும். அத்தகைய படகுக்கு இன்னும் கொஞ்சம் இறக்கித்தான் ஆகணும். இதனால்தான், கரையில் அளப்பது தொடக்கம்தான், முடிவு கடலில் என்கிறேன்.

கடலில் எப்படிப் பார்ப்பது? சிறிய மோட்டார்களில் ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது. பிளக் வயரில் சுற்றி வைக்கும் சின்ன டிஜிட்டல் டேக்கோமீட்டர் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. வேகத்துக்கு நம் கையில் இருக்கும் செல்போனின் ஜி.பி.எஸ். போதும். வழக்கமான சுமையோடு போக வேண்டும். வெறும் படகை ஓட்டிப் பார்த்து வைத்த உயரம் வலையை ஏற்றியதும் பொய்யாகிவிடும். நீரோட்டத்தின் திசையில் ஒரு தடவை, எதிர்த்து ஒரு தடவை ஓடிச் சராசரி எடுங்கள். முழுத் திராட்டிலில் சுற்று எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று குறியுங்கள். பல சிறு மோட்டார்களுக்கு 4500 முதல் 5500 சுற்று என்று வரம்பு கொடுத்திருப்பார்கள். உங்கள் மோட்டாரின் கையேட்டில் உள்ளதுதான் உங்களுக்கு வேதம்.

இனி கணக்கு. இதற்காகவாவது நாம் படித்தது பயன்படட்டும்! ப்ரொப்பல்லர் பிட்ச் 9 அங்குலம், கியர் விகிதம் 2-க்கு 1, இஞ்சின் 5000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். ப்ரொப்பல்லர் நிமிஷத்துக்கு 2500 சுற்று. 2500-ஐ 9-ஆல் பெருக்கினால் 22,500 அங்குலம், அதாவது 1,875 அடி. மணிக்கு 1,12,500 அடி. ஒரு கடல் மைலுக்கு 6,076 அடி என்பதால் 18.5 நாட். ஸ்க்ரூ மரத்தில் ஏறுவது மாதிரி வழுக்காமல் ஏறினால் வரவேண்டிய வேகம் இது. செல்போன் 13 நாட் காட்டினால் வழுக்கல் ஏறக்குறைய 30 சதவீதம். சுமை கூடிய படகில் இன்னும் அதிகமாகக்கூட வரும், பயப்பட வேண்டாம். அந்த எண்ணைத் தனியாகப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. உயரத்தை மாற்றியபின் அது எப்படி மாறுகிறது என்பதே சங்கதி. அரை அங்குலம் ஏற்றியபின் சுற்றும் கூடி வேகமும் கூடினால் நல்லது நடந்திருக்கிறது. சுற்று மட்டும் கூடி வேகம் அப்படியே நின்றால் ப்ரொப்பல்லர் காற்றைக் கடைகிறது, இறக்கிவிடுங்கள். இஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டு "ஆகா, நல்லா எடுக்குது" என்று சொல்கிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான். நேர் ஓட்டத்தில் திருப்தியானதும் ஒரு கடுமையான திருப்பம் போட்டுப் பாருங்கள். நேராகப் போகையில் ஒழுங்காக இருந்து, திரும்பும்போது அலறும் மோட்டார்கள் உண்டு.

உயரத்தை மாற்றுவதிலும் ஒரு சங்கடம். பெரிய மோட்டார்களில் பிராக்கெட்டில் வரிசையாகத் துளைகள் இருக்கும். போல்ட்டைக் கழற்றி ஒரு துளை மாற்றினால் முக்கால் அங்குலம் ஏறும். நம்ம ஊரில் ஓடும் சின்ன மோட்டார்கள் இரண்டு கிளாம்ப் ஸ்க்ரூவில் தொங்குபவை. ஏற்ற வேண்டுமென்றால் பலகையின் மேல் தேக்கு மாதிரி உறுதியான கட்டை ஒன்றை வைத்து, பலகையோடு சேர்த்து போல்ட் போட வேண்டும். கிளாம்ப்பின் பிடி அப்போதும் முழுப் பலகையிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சும்மா துண்டுக் கட்டையைச் செருகிவிட்டு, குலுங்கலில் பிடி தளர்ந்து மோட்டாரைக் கடலுக்குத் தானம் கொடுத்தவர்கள் உண்டு. பாதுகாப்புக் கயிறு எப்போதும் வேண்டும்.

இறக்குவது அதைவிட ஆபத்து. சிலர் பலகையை வாள் வைத்து அறுத்துவிடுகிறார்கள்! பின்பலகையைத் தாழ்த்தினால் பின்னாலிருந்து வரும் அலைக்கு வாசலைத் திறந்து வைத்த மாதிரி. அதோடு ஃபைபர் போட்டின் பின்பலகைக்குள் பெரும்பாலும் பிளைவுட் இருக்கும். அறுத்த வெட்டுவாயில் ரெசினும் மேட்டும் போட்டு மூடாவிட்டால் உப்புத்தண்ணீர் உள்ளே இறங்கி, வெளியே பளபளப்பாகவும் உள்ளே பஞ்சாகவும் பலகை உளுத்துப்போகும். இறக்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால் பலகையை விட்டுவிட்டு நெடுங்கால் மோட்டாராக மாற்றிக்கொள்வதே என் கட்சி. விற்றும் வாங்கியும் கொஞ்சம் கைநஷ்டம் வரும், வரட்டும்.

டூ ஸ்ட்ரோக்கைக் கொடுத்துவிட்டு ஃபோர் ஸ்ட்ரோக் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதே சக்திக்கு அது பெரும்பாலும் கனம் கூடியது. படகின் பின்பக்கம் இறங்கும். பழைய உயரம் பழைய மோட்டாரோடு போயிற்று.

கடைசியாக நம் கதைக்கு வருகிறேன். ஒவ்வொரு வருஷமும் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்றால் என்ன செய்கிறோம்? தானாக நிற்கும் வாட்டர் டேங்க் மோட்டார், ஹைட்ராலிக் ஜாக், இல்லையென்றால் டவுனில் ரெடிமேடாகக் கிடைக்கும் ஒன்றுக்குப் பெயின்ட் அடித்து நம் பெயர் ஒட்டுவது. வைவா முடிந்ததும் அது லேப் மூலையில் தூசி படியும். அதற்குப் பதில் இரண்டு எம்.எஸ். பிளேட், நடுவே ஒரு லீட் ஸ்க்ரூ, பக்கத்தில் ஒரு மி.மீ. ஸ்கேல் என்று மோட்டாரை ஏற்றி இறக்கும் ஒரு பிராக்கெட்டை நம் ஒர்க்ஷாப்பிலேயே செய்யலாமே! வெளிநாட்டில் ஜாக் பிளேட் என்று விற்கிறார்கள். சோதனைக்கு மட்டும் என்றால் இரும்பு போதும், துரு பிடித்தால் பிடிக்கட்டும். ஊருக்கு ஒரு பிராக்கெட் போதும். ஒரு படகில் மாட்டி, ஐந்து உயரத்தில் ஓட்டி, சுற்றும் வேகமும் எரிபொருளும் குறித்து, சரியான அளவு தெரிந்ததும் அந்த அளவுக்குக் கட்டை வெட்டிப் பொருத்திவிட்டு, பிராக்கெட்டை அடுத்த படகுக்குக் கொண்டு போகலாம். டர்னிங், டிரில்லிங், வெல்டிங், ஃப்ளூயிட்ஸ், ஐ.சி. இஞ்சின் எல்லாம் ஒரே ப்ராஜெக்ட்டில் வந்துவிடும். எந்த எக்ஸ்டர்னல் வந்து என்ன கேட்டாலும் பதில் நம் கையில் இருக்கும், ஏனென்றால் அளந்தது நாம்.

செலவு என்று பார்த்தால் இரும்பும் லீட் ஸ்க்ரூவும் பெரிசில்லை. ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டுப் படகைத் தருகிற ஆளைப் பிடிப்பதுதான் கஷ்டம். மாமாவோ சித்தப்பாவோ மனசு வைத்தால் நடக்கும். அன்றைய பெட்ரோல் மட்டும் நம்ம செலவு. பேட்ச்சில் ஆறு பேர் இருந்தால் ஆளுக்கு முந்நூறு வரும், இப்போதே சொல்லிவிட்டேன்.